திசையறி ஓட்டச் சீருடை

திசையறி ஓட்டச் சீருடை என்பது, ஓரியன்டியரிங் எனப்படும் திசையறி ஓட்ட விளையாட்டில் ஒரு கழகத்தைச் சேர்ந்தோர் ஒரே தோற்றத்தில் அணியும் மேற்சட்டையையும் காலுடையையும் குறிக்கும். மேற்சட்டை பொதுவாக ஜெர்சி என அழைக்கப்படுகின்றது. ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சித் தீவின் மீனவர்கள் அணிந்த கம்பளிப் பின்னலாடையில் இருந்து இப்பெயர் வந்தது. கால்பந்து, துடுப்பாட்டம் போன்றவற்றின் சீருடைகள் திறந்த மைதானத்திற்கு உரியவை. திசையறி ஓட்டச் சீருடையோ புதர், பாறை, சேறு, ஓடை ஆகியவற்றைக் கடந்து ஓடுவதற்கு உரியது. எனவே இதில் அழகு, கழக அடையாளம் ஆகியவற்றுடன் உடலைக் காக்கும் தன்மையும் முதன்மையானதாகக் கருதப்படுகின்றது.

விளையாட்டும் உடையும்

திசையறி ஓட்டத்தில் போட்டியாளர் வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் துணையாகக் கொண்டு, காட்டில் குறிக்கப்பட்டுள்ள கட்டுப்பாட்டு நிலைகளை வரிசையாகக் கண்டறிந்து, மிகக் குறைந்த நேரத்தில் ஓட்டத்தை முடிக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் செம்மஞ்சளும் வெள்ளையும் கொண்ட முப்பட்டை வடிவக் கொடி தொங்கவிடப்பட்டிருக்கும். இரு நிலைகளுக்கு இடையே எந்த வழியில் செல்வது என்பது போட்டியாளரின் முடிவு. பல வேளைகளில் பாதையை விட்டு விலகிப் புதருக்குள் நேராகச் செல்வதே விரைவான வழியாக அமையும். உடை உறுதியற்றதாக இருந்தால் அவ்வழியைத் தேர்வு செய்யப் போட்டியாளர் தயங்குவார். ஆகவே உடை, வழித்தேர்வையும் மறைமுகமாகப் பாதிக்கின்றது.

ஓடும்போது ஒரு கையில் வரைபடமும் திசைகாட்டியும் இருக்கும். விரலில் மின்னணு அடையாளக் கருவி மாட்டப்பட்டிருக்கும். முன்கையில் கட்டுப்பாட்டு நிலைகளின் விளக்கத்தாள் கட்டப்பட்டிருக்கும். சட்டையின் கைப்பகுதி இவற்றுள் எதையும் மறைக்கவோ சிக்க வைக்கவோ கூடாது. மார்பில் ஏறத்தாழ ஒரு சாண் அகலமுள்ள எண் அட்டை குத்தப்படும். பெரிய போட்டிகளில் இருப்பிடம் காட்டும் சிறு கருவி மேல்முதுகில் அணிவிக்கப்படுவதும் உண்டு. கழகப் பெயரையும் சின்னத்தையும் எங்கே அமைப்பது என்பதை இவை பெருமளவு தீர்மானிக்கின்றன.

வரலாறு

தொடக்க காலம்

ஓரியன்டியரிங் என்ற சொல்லின் சுவீடிய மூலம், 1886-ஆம் ஆண்டு அந்நாட்டின் கார்ல்பெரி படைத்துறைக் கல்லூரியில் பயன்படுத்தப்பட்டது. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் நோர்வேயில், இன்று ஓஸ்லோ எனப்படும் நகரின் அருகே நடைபெற்றது. 1919-இல் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்பவர் சுவீடனின் ஸ்டாக்ஹோம் அருகே நடத்திய போட்டி, இவ்விளையாட்டு பரவலாவதற்கு வழிவகுத்தது. பன்னாட்டுத் திசையறி ஓட்டக் கூட்டமைப்பு 1961-இல் கோபன்ஹேகனில் நிறுவப்பட்டது. முதல் உலகப் போட்டி 1966-இல் பின்லாந்தில் நடைபெற்றது.

தொடக்க காலத்தில் இதற்கெனத் தனி உடை இருக்கவில்லை. பருத்தி, கம்பளி ஆகியவற்றால் ஆன அன்றாட உடைகளும் தடகள உடைகளுமே அணியப்பட்டன. கோடையில் அரைக்காற்சட்டையுடனும் கையில்லாச் சட்டையுடனும் ஓடுவதும் வழக்கமாக இருந்தது. நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொண்டு எடை கூடியது. வெறும் கால்களோ புதர்களில் கீறல்பட்டன. கீறல்கள் இவ்விளையாட்டின் இயல்பான பகுதி என்றே கருதப்பட்டன.

சுவீடனில் காமாலைப் பரவல்

இக்கருத்தை மாற்றியது ஒரு நோய்ப்பரவல். 1957-க்கும் 1963-க்கும் இடையே சுவீடனின் திசையறி ஓட்டக்காரர்களிடையே 568 பேருக்குக் கல்லீரல் அழற்சி கண்டறியப்பட்டது. இது அக்காலத்தில் குருதிநீர் வழிக் காமாலை என அறியப்பட்ட வகை. இன்று கல்லீரல் அழற்சி பி எனப்படுகின்றது. இந்நோய் பொதுவாகக் குருதி ஏற்றுதல், ஊசி ஆகியவற்றின் வழியே பரவுவதாக அறியப்பட்டிருந்தது. உடல்நலம் மிக்க இளம் ஓட்டக்காரர்களிடையே இது பரவியது மருத்துவர்களுக்குப் புதிராக இருந்தது.

காலிலும் கையிலும் ஏற்பட்ட கீறல்களே நோய் நுழையும் வாயில் என ஆய்வுகள் சுட்டின. ஒருவரின் குருதி பட்ட முள்ளோ சுள்ளியோ பின்னால் வருபவரைக் கீறியிருக்கலாம் எனவும், போட்டி முடிந்தபின் பலரும் ஒரே நீரில் காயங்களைக் கழுவியதால் பரவியிருக்கலாம் எனவும் கருதப்பட்டது. உடலை மூடும் உடை கட்டாயமாக்கப்பட்டு, கழுவும் வசதிகளும் சீர்செய்யப்பட்ட பின்னர் பரவல் அடங்கியது. இது பற்றிய ஆய்வுக் கட்டுரை 1967-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. நோயை உண்டாக்கும் தீநுண்மி தெளிவாக இனங்காணப்படும் முன்பே, உடை மாற்றம் அதன் பரவலைத் தடுக்க உதவியது குறிப்பிடத்தக்கது.

திசையறி ஓட்டச் சீருடை முழுக்காலையும் மூடுவதாக அமைந்ததற்கு இந்நிகழ்வு முதன்மையான காரணமாகும். பன்னாட்டுக் கூட்டமைப்பின் இன்றைய விதிகளின்படி, அமைப்பாளர்கள் வேறுவிதமாக அறிவிக்காதவரை உடையும் காலணியும் போட்டியாளரின் விருப்பத்திற்கு உரியவை. நகர்ப்புறக் குறுந்தொலைவுப் போட்டிகளில் அரைக்காற்சட்டை பரவலாக அணியப்படுகின்றது. அடர்ந்த காடுகளில் காலை மூடும் உடையை அமைப்பாளர்கள் கட்டாயமாக்குவது உண்டு.

செயற்கை இழைகள்

பருத்திக்குப் பதிலாக மெல்லிய நைலான் துணியால் ஆன மேற்சட்டையும் காலுடையும் பின்னர் வழக்கத்திற்கு வந்தன. இவை எடை குறைந்தவை, விரைவில் உலர்பவை, முள்ளில் எளிதில் கிழியாதவை. பிற்காலத்தில் மேற்சட்டைக்குப் பாலியெஸ்டர் பின்னல் துணி முதலிடம் பெற்றது. பதங்கமாதல் அச்சு முறை பரவியபின், துணி முழுவதும் பல வண்ண வடிவங்களை அச்சிடுவது எளிதானது. நோர்வேயின் டிரிம்டெக்ஸ், பின்லாந்தின் நோநேம் ஆகியவை கழகச் சீருடைகளைத் தயாரிக்கும் அறியப்பட்ட நிறுவனங்கள்.

துணி

ஓர் இழை காற்றில் உள்ள ஈரத்தை எவ்வளவு உறிஞ்சுகின்றது என்பது ஈரம் ஏற்பு வீதத்தால் அளக்கப்படுகின்றது. 20 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும் இவ்வீதம் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

- பாலியெஸ்டர்: 0.4 விழுக்காடு
- நைலான்: 4 விழுக்காடு
- பருத்தி: 8.5 விழுக்காடு

பாலியெஸ்டர் இழை தனக்குள் நீரை ஏற்பதில்லை. வியர்வை இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே நுண்புழை விளைவால் துணியின் வெளிப்பக்கம் பரவி ஆவியாகின்றது. பருத்தி இழையோ நீரைத் தன்னுள் ஏற்று வீங்குகின்றது. அதனால் உலர நெடுநேரம் ஆகின்றது. வெயிலில் அமர்ந்திருப்பவருக்குப் பருத்தி இதமானது. ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் ஓடுபவருக்கு அது சுமையாகின்றது.

மேற்சட்டைக்குப் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை எடையுள்ள பின்னல் துணி பயன்படுகின்றது. துணி மெலிதாகும்போது காற்றோட்டம் கூடுகின்றது, உறுதி குறைகின்றது. பெரிய துளைகள் கொண்ட வலைத்துணி காற்றோட்டம் மிக்கது, ஆயினும் முள்ளில் மாட்டி இழை உருவப்படும். எனவே முள் அதிகம் படும் தோள், முன்கை ஆகிய பகுதிகளில் நெருக்கமான பின்னலும், அக்குள், விலாப் பகுதிகளில் வலைத்துணியும் இடுவது வழக்கம். ஒரே சட்டையில் இரு துணிகளைச் சேர்க்கும்போது இரண்டும் துவைத்தபின் ஒரே அளவு சுருங்குமா எனச் சோதித்துக்கொள்வது தேவை.

வெட்டும் தையலும்

சட்டையின் வெட்டு, கையை உயர்த்தி ஓடும் நிலையைக் கருத்திற்கொண்டு அமைக்கப்படுகின்றது. நின்றபடி அளவெடுத்துத் தைத்த சட்டை, கையை மடக்கி வரைபடம் பார்க்கும்போது இடுப்பில் இருந்து மேலேறிவிடும். இதைத் தவிர்க்கப் பின்பகுதி முன்பகுதியை விடச் சற்று நீளமாக வெட்டப்படுகின்றது. கழுத்தில் குட்டையான ஜிப் வைப்பதால், ஏற்றத்தில் திறந்து காற்று வாங்கவும் புதரில் மூடிக்கொள்ளவும் இயலும். ஜிப்பின் மேல்முனை கழுத்தை உரசாமல் இருக்கத் துணியாலான சிறு மடிப்பு தைக்கப்படும்.

ஓவர்லாக் தையலில் உட்புறம் துணி விளிம்பு தடித்து நிற்கும்; நீண்ட ஓட்டத்தில் அது அக்குளையும் தோளையும் உரசிப் புண்ணாக்கும். பிளாட்லாக் தையல் தட்டையாக அமைவதால் இவ்விடங்களுக்கு ஏற்றது. கைமுனை அகலமாக இருந்தால் கிளைகளில் மாட்டும். மிக இறுக்கமாக இருந்தால் விளக்கத்தாள் உறையைக் கட்ட இடையூறாகும்.

கழகத்தில் சிறுவர் முதல் முதியோர் வரை பலரும் இருப்பர். ஒரே வெட்டை எல்லா அளவுகளுக்கும் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பயன்படுத்தினால் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அது பொருந்துவதில்லை. எனவே அவர்களுக்கெனத் தனி வெட்டுகள் தேவைப்படுகின்றன. முழு எண்ணிக்கைக்கும் துணி வெட்டும் முன், ஒவ்வோர் அளவிலும் ஒரு மாதிரிச் சட்டை தைத்து, அணிந்து, ஓடிப் பார்ப்பது நல்ல நடைமுறையாகும்.

வண்ணமும் வடிவமும்

தொலைவில் அடையாளம்

தனிநபர் போட்டியில் சீருடையின் வண்ணம் பெரும்பாலும் கழகப் பெருமை சார்ந்தது. அஞ்சல் ஓட்டத்தில் அது பயன்பாடு சார்ந்ததாகவும் ஆகின்றது. 1949 முதல் பின்லாந்தில் நடைபெறும் யூகோலா அஞ்சல் ஓட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் எழுவர் ஓடுகின்றனர். சுவீடனின் தியோமிலாவில் பத்துச் சுற்றுகள் உள்ளன. நூற்றுக்கணக்கான அணிகள் ஒரே நேரத்தில் புறப்படும் இப்போட்டிகளில், காட்டில் இருந்து வெளிவருபவர் தம் அணியினரா என்பதை அடுத்து ஓட வேண்டியவர் தொலைவிலேயே அறிய வேண்டும். அவ்வாறு அறிய இயலாவிடில் மாற்றிடத்தில் நொடிகள் வீணாகும்.

தொலைவில் இருந்து பார்க்கும்போது சிறிய சின்னங்களும் மெல்லிய கோடுகளும் ஒன்றாகக் கலந்து சாம்பல் போலத் தோன்றும். தெரிவது பெரிய வண்ணப் பரப்புகளே. ஆகையால் இரண்டு அல்லது மூன்று வண்ணங்கள் கொண்ட எளிய வடிவம் பத்து வண்ணங்கள் கொண்ட சிக்கலான வடிவத்தை விடச் சிறந்தது. ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு, பச்சை ஆகியவற்றைப் பிரித்தறிவதில் குறைபாடு இருப்பதால், நிற வேறுபாட்டை மட்டும் நம்பாமல் அடர் நிறத்தையும் வெளிர் நிறத்தையும் அடுத்தடுத்து அமைப்பது பயனுடையது. வடிவத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்து இதை எளிதில் சோதிக்கலாம்.

அடர் பச்சையும் பழுப்பும் காட்டோடு கலந்துவிடும். காயமடைந்து விழுந்தவரைத் தேடுவது கடினமாகும். வெள்ளைத் துணி வியர்வையில் நனைந்தால் உடல் தெரியும். சேற்றுக் கறையும் எளிதில் நீங்காது. கறுப்பு வெயிலில் கூடுதல் வெப்பத்தை ஏற்கும். கட்டுப்பாட்டுக் கொடியைப் போலச் செம்மஞ்சளும் வெள்ளையும் மூலைவிட்டமாகச் சேரும் வடிவம், புதருக்கு இடையே ஓடுபவரைக் கொடி எனப் பிறர் ஒரு கணம் மயங்கச் செய்யலாம் என்பதால் தவிர்க்கத்தக்கது. இரவுப் போட்டிகளுக்கு ஒளியை எதிரொளிக்கும் பட்டைகள் சேர்க்கப்படுகின்றன.

தமிழ் எழுத்துகள்

கழகப் பெயரைத் தமிழில் அச்சிடும்போது சில சிறப்புக் கவனங்கள் தேவைப்படுகின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரம் கொண்டவை. தமிழில் புள்ளி, கொம்பு, சுழி, கீழ்விலங்கு ஆகியவை எழுத்தின் மேலும் கீழும் பக்கங்களிலும் நீள்கின்றன. அதே உயரமுள்ள பட்டையில் எழுதினால் தமிழ் எழுத்தின் உடற்பகுதி சிறிதாகிவிடும். எனவே தமிழ்ப் பெயருக்குக் கூடுதல் உயரம் ஒதுக்குதல் வேண்டும். ஞ, ண, ழ போன்ற எழுத்துகளின் உட்சுழிகள் தடித்த எழுத்துருவில் அடைபட்டுவிடும். பின்னல் துணி இழுபடும்போது புள்ளிகள் அருகிலுள்ள கோடுகளுடன் ஒட்டியதுபோலத் தோன்றும்.

மற்றொரு சிக்கல் கணினி சார்ந்தது. தமிழ் ஒருங்குறி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி எல்லா வரைகலை மென்பொருள்களிலும் இருப்பதில்லை. கோப்பு அச்சகத்தின் கணினியில் திறக்கப்படும்போது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்தின் தவறான பக்கத்திற்கு இடம்பெயர்ந்துவிடலாம். பெயரை எழுத்தாக அனுப்பாமல், வளைகோட்டு வடிவமாக மாற்றி அனுப்புவதே இதற்குத் தீர்வாகும். இன்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களிலும் இவ்வசதி உள்ளது. தமிழ் தெரிந்த ஒருவர் இறுதி மாதிரியைத் துணியில் பார்த்து ஒப்புதல் அளிப்பதும் தேவை. துணியில் ஏறிவிட்ட பிழையைத் திருத்த இயலாது.

அச்சிடும் முறை

இக்காலக் கழகச் சீருடைகள் பெரும்பாலும் பதங்கமாதல் அச்சு முறையில் தயாரிக்கப்படுகின்றன. திண்மநிலையில் உள்ள பொருள் நீர்மமாகாமல் நேரடியாக வளிமமாவது பதங்கமாதல் எனப்படும். இம்முறையின் படிகள் வருமாறு:

1. வடிவம், மை பீய்ச்சும் அச்சுப்பொறியால் ஒரு தாளில் இடவலம் மாற்றி அச்சிடப்படுகின்றது.
2. அத்தாள் வெண்ணிறப் பாலியெஸ்டர் துணிமேல் வைக்கப்பட்டு, ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு நிமிடத்திற்கு உட்பட்ட நேரம் அழுத்தப்படுகின்றது.
3. சாயம் வளிமமாகி, வெப்பத்தால் நெகிழ்ந்த இழைக்குள் புகுகின்றது.
4. துணி குளிரும்போது சாயம் இழைக்குள்ளேயே தங்கிவிடுகின்றது.

சாயம் துணியின்மேல் படலமாகப் படியாததால் காற்றோட்டம் தடைபடுவதில்லை, துவைத்தாலும் உதிர்வதில்லை. திரையச்சில் இடப்படும் தடித்த நெகிழி மை, மார்பில் காற்றுப் புகாத பலகை போல அமைந்துவிடும். பூத்தையல் சின்னத்தின் பின்புறம் தோலை உரசும். அதன் நூல்கள் முள்ளில் மாட்டும். பதங்கமாதல் முறையில் தனி அச்சுத் திரைகள் தேவையில்லை என்பதால், ஒவ்வொரு சட்டையிலும் வெவ்வேறு பெயரை இடுவதும் சிறு எண்ணிக்கையில் தயாரிப்பதும் எளிது.

இம்முறைக்குச் சில வரம்புகளும் உள்ளன. பருத்தியில் இச்சாயம் பிடிப்பதில்லை. வெள்ளை மை கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் துணியின் வெள்ளையே விடப்படும். துணி மிகுதியாக இழுபட்டால் உள்ளிருக்கும் வெள்ளை இழை வெளித்தெரியும். கணினித் திரையில் தோன்றும் நிறமும் துணியில் கிடைக்கும் நிறமும் வேறுபடும் என்பதால், நிறக்கட்டங்களை முதலில் ஒரு துண்டுத் துணியில் அச்சிட்டுப் பார்த்துத் தேர்வது வழக்கம். ஆண்டுதோறும் ஒரே நிறம் கிடைக்க, அத்துண்டைக் கழகம் பாதுகாத்து வைப்பது நல்லது.

காலுடையும் காலணியும்

காலுடைக்குப் பின்னல் துணியை விட நெய்த நைலான் துணி ஏற்றது. முள் அதில் எளிதில் மாட்டுவதில்லை. முழங்காலுக்குக் கீழே முன்புறம் உறுதியான இரண்டாம் அடுக்கு தைக்கப்படும். சிலர் கணைக்காலில் தனிக் காப்புறை அணிகின்றனர்.

திசையறி ஓட்டக் காலணியின் அடிப்பகுதியில் ஆழமான இரப்பர்ப் புடைப்புகள் இருக்கும். ஈரப்பாறையிலும் விழுந்த மரங்களிலும் வழுக்காமல் இருக்க, புடைப்புகளின் நடுவே சிறு எஃகு முனைகள் பதிக்கப்படுவதும் உண்டு. மேற்பகுதி பெரும்பாலும் நைலான் முதலிய செயற்கைப் பொருள்களால் ஆனது. தோல் உறுதியானது என்றாலும் நீரை உறிஞ்சி எடை கூடுவதாலும் மெதுவாக உலர்வதாலும் இவ்விளையாட்டில் அதன் பயன்பாடு குறைந்துவிட்டது.

வேலூர், ஆம்பூர் பகுதிச் சூழல்

இந்தியாவில் வரைபடம் படித்தலும் திசையறிதலும் தேசிய மாணவர் படை, சாரணர் இயக்கம் ஆகியவற்றின் பயிற்சிகளில் இடம்பெறுகின்றன. வட ஐரோப்பாவின் குளிர்ந்த காடுகளுக்கென உருவான உடையைத் தமிழ்நாட்டில் அப்படியே பயன்படுத்த இயலாது. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 2019-ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன.

நிலமும் முட்செடிகளும்

இப்பகுதியின் தெற்கே சவ்வாது மலையும் தென்மேற்கே ஏலகிரி மலையும் உள்ளன. அடிவாரங்களில் கருங்கல் பாறைக் குவியல்களும் வறண்ட முட்புதர்களும் மிகுதி. சீமைக் கருவேலம், உண்ணிச்செடி, சூரை, காரை, களா ஆகியவை பரவலாகக் காணப்படுகின்றன. சுவீடனின் ஊசியிலைக் காட்டுச் சுள்ளிகள் தோலைக் கீறுவன. சீமைக் கருவேல முள்ளோ மெல்லிய காலணியின் அடியையே துளைக்கக் கூடியது. சூரையின் கொக்கி முள் துணியைப் பற்றி இழுக்கும். எனவே இங்கு வலைத்துணி மிகக் குறைவாகவும், காலுடை நெய்த துணியாகவும், காலணியின் அடி உறுதியானதாகவும் இருத்தல் வேண்டும். காப்புக் காடுகளுக்குள் செல்ல வனத்துறையின் முன் அனுமதி தேவை.

உண்ணிக் காய்ச்சல்

உடலை மூடும் உடைக்கு இப்பகுதியில் முள்ளைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் இங்கு நிலைத்துள்ள நோயாகும். புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் மிகச் சிறிய உண்ணிகளின் இளம்பருவம் கடிப்பதால் இது பரவுகின்றது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியற்ற கரும்பொருக்கு தோன்றும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு போன்று தோல் மென்மையாகவும் மறைவாகவும் உள்ள இடங்களில் இப்பொருக்கு காணப்படுவதால், அது எளிதில் கவனத்திற்கு வருவதில்லை. சிகிச்சை தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேரலாம்.

1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில் இருந்து வளர்ந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, இந்நோய் பற்றிய ஆய்வில் முன்னணியில் உள்ளது. கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதை விடப் பயனுடையது என அதன் தலைமையில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வேலூரில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதால், ஓடுவதற்கு ஏற்ற காலம் மழைக்காலத்தை அடுத்த குளிர் மாதங்களே. உண்ணிக் காய்ச்சல் மிகுவதும் அம்மாதங்களில்தான். ஆகவே வெப்பத்தைக் காரணம் காட்டிக் கையையும் காலையும் திறந்துவிடுவது இங்கு பொருத்தமற்றது. மெல்லிய, வெளிர் நிற முழுக்கைச் சட்டையும், காலுறைக்குள் செருகக்கூடிய காலுடையும், காலுடைக்குள் செருகும் அளவு நீளமான சட்டையும் ஏற்றவை. வெளிர் நிறத் துணியில் ஊர்வனவற்றைக் காண்பதும் எளிது. எனினும் இவ்விளம்பருவ உண்ணிகள் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும். ஓட்டம் முடிந்தவுடன் குளித்து உடைமாற்றுவதும், அணிந்த உடையைத் தனிப்பையில் இட்டு வெந்நீரில் துவைப்பதும் உடையளவுக்கே முக்கியமானவை. காட்டிற்குச் சென்றுவந்த பின்னர்க் காய்ச்சல் வந்தால், அச்செய்தியை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

உற்பத்தி வாய்ப்புகள்

இச்சீருடைக்குத் தேவையான தொழில்கள் ஒரே தொடர்வண்டிப் பாதையில் அமைந்துள்ளன. சென்னையில் இருந்து கோயம்புத்தூர் செல்லும் பாதையில் ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றுடன் திருப்பூரும் உள்ளது. பனியன் தொழிலால் அறியப்படும் திருப்பூர் நெடுங்காலம் பருத்தியையே சார்ந்திருந்தது. அண்மை ஆண்டுகளில் பாலியெஸ்டர் விளையாட்டு உடைகளும் அங்கு தயாரிக்கப்படுகின்றன.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவை தோல் பதனிடுதலுக்கும் காலணி ஏற்றுமதிக்கும் பெயர் பெற்றவை. காலணியின் மேற்பகுதியை வெட்டுதல், ஓரம் சீவுதல், தைத்தல் ஆகியவற்றில் தேர்ந்த தொழிலாளர்கள் இங்கு உள்ளனர். அவர்களுள் பெண்கள் பெருந்தொகையினர். இத்திறன்கள் செயற்கைப் பொருள்களுக்கும் பயன்படக் கூடியவை. இப்பகுதிக்கு அருகிலுள்ள செய்யாறில் விளையாட்டுக் காலணி ஆலை இயங்குகின்றது. தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட காலணி மற்றும் தோல் பொருள்கள் கொள்கை, தோல் அல்லாத காலணிகளையும் ஊக்குவிக்கின்றது.

சூழலியல்

உடையும் காலணியும் உருவாகும் இரு பகுதிகளும் நீர் மாசுபாட்டால் துன்புற்றவை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறு மாசடைந்தது தொடர்பான வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு எனப்படும் இதில், மாசுபடுத்துபவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது. நொய்யல் ஆற்றின் மாசுபாட்டிற்காகத் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

பதங்கமாதல் அச்சில் துணியைச் சாயத்தொட்டியில் முக்குவதோ பின்னர் அலசுவதோ இல்லை என்பதால் நீர்ச்செலவு மிகக் குறைவு. ஆயினும் பயன்படுத்திய தாள் கழிவாகின்றது; பாலியெஸ்டர் துணி ஒவ்வொரு முறை துவைக்கப்படும்போதும் நுண்ணெகிழித் துகள்களை வெளியிடுகின்றது. ஆண்டுதோறும் வடிவத்தை மாற்றிப் புதிய சட்டை வாங்குவதை விட, பல ஆண்டுகள் உழைக்கும் ஒரே வடிவத்தைப் பேணுவதும், வளர்ந்த சிறுவர்களின் சட்டைகளை இளையவர்களுக்கு அளிப்பதும் சூழலுக்கும் செலவிற்கும் உகந்தவை. உறுப்பினர் பெயரைச் சட்டையில் அச்சிடுவது இத்தகைய மறுபயன்பாட்டிற்குத் தடையாகும்.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை

- ஓடப்போகும் நிலத்தின் முட்செடிகள், வெப்பம், நோய்கள் ஆகியவற்றை அறிந்த பின்னரே துணியைத் தேர்தல்.
- எண் அட்டைக்கு மார்பிலும் இருப்பிடக் கருவிக்கு மேல்முதுகிலும் இடம் விட்டு, கழகப் பெயரைத் தோளிலோ கீழ்முதுகிலோ அமைத்தல்.
- வண்ணங்களை இரண்டு அல்லது மூன்றாக வரையறுத்து, கறுப்பு வெள்ளையிலும் வடிவம் தெளிவாக உள்ளதா எனப் பார்த்தல்.
- தமிழ்ப் பெயரை வளைகோட்டு வடிவமாக மாற்றி, துணியில் மாதிரி பார்த்தல்.
- பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனி வெட்டுகள் அமைத்தல்.
- மாதிரிச் சட்டையை அணிந்து முட்புதர் வழியே ஓடி, துவைத்து, சுருக்கத்தையும் கிழிவையும் சோதித்தல்.
- மாதிரிச் சட்டையின் காட்சியை விட, அதை அணிந்து ஓடியவரின் கையிலும் காலிலும் உள்ள கீறல்களைக் கொண்டு உடையை மதிப்பிடுதல்.

இவற்றையும் பார்க்க

- திசைகாட்டி
- இடவிளக்க வரைபடம்
- கல்லீரல் அழற்சி பி
- உண்ணிக் காய்ச்சல்
- திருப்பூர்
- ஆம்பூர்
- பாலாறு